ராயகிரி, பதினான்காவது வரிசை

செப்டம்பர் 29, 2025 – திங்கள்

இன்று நூற்றுச் சொச்சம் அலாரம். திருவேங்கடம் சாலையில் பள்ளம் தோண்டிய ஜேசிபி, மண்ணோடு எங்கள் கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் சிவப்பு. லைன்மேன் சேக் மைதீன் போய் ஒட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை போனில் வந்த வசவெல்லாம் எனக்கு. தோண்டியவனை ஒருத்தரும் திட்டவில்லை.

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது, எந்த வீட்டில் போய்விட்டது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஓர் அறை, இரண்டு திரை, ஓர் ஏசி, நான். திரையில் வீட்டுக்கு ஒரு வரிசை. வீட்டிலிருக்கும் இன்டர்நெட் பெட்டி ஓடினால் பச்சை, அணைந்தால் சிவப்பு.

கிளம்பும் முன் வழக்கம்போல ராயகிரியைத் திறந்தேன். பதினான்காவது வரிசை – முத்துமணி, என் மனைவி. பச்சை. அவள் அண்ணன் பெங்களூர் போனதிலிருந்து அவர் வீடு அங்கே பூட்டிக் கிடந்தது. அவளும் எங்கள் மகள் அனுவும் அந்த வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. பேச்சுவார்த்தை இல்லை. பச்சை மட்டும் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து தோசை சுட்டேன்.

அக்டோபர் 1 – புதன்

ஆயுதபூஜை. மேனேஜர் திரைகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பிவிட்டார். பனவடலிசத்திரம் ஊர் வரிசையின் மேல் ஒரு பொட்டு. அதை அலாரம் என்று நினைத்து இரண்டு தடவை கிளிக் பண்ணினேன். சேக் மைதீன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் பொரி புரையேறிவிட்டது. இந்த வாரத்தில் என்னோடு ஒரு மனிதர் சிரித்தது அது ஒன்றுதான்.

வீட்டில் மூன்று பேர் என்ற பழைய நினைப்பில் மூன்று பொட்டலம் கொடுத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அக்டோபர் 7 – செவ்வாய்

மழை வருவதை நான் வானத்தில் பார்ப்பதில்லை. அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆனால் நம் பக்கத்து ஜனங்கள் முதல் இடி இடித்ததும் ஓடிப்போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கிய நொடியில் பெட்டி ‘கரண்ட் போச்சு’ என்று கடைசியாக ஒரு தகவல் அனுப்பிவிட்டு அணையும். மலையை ஒட்டிய ராயகிரிதான் முதலில் சிவக்கும். அப்புறம் நடுவிலுள்ள ஊர்கள். கடைசியில் எங்கள் தெருக்கள். மழை நடந்து வருவதைத் திரையிலேயே பார்த்துவிடலாம்.

இன்று 3.52-க்கு முதலில் சிவந்தது பதினான்காவது வரிசை. முத்துமணிக்கு இடி என்றால் உயிரே போய்விடும். அப்படியென்றால் வீட்டில்தான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அக்டோபர் 12 – ஞாயிறு

லீவு. காலையிலிருந்து வாயைத் திறந்தது பால் வாங்கும்போது மட்டும்.

போன வருஷம் முத்துமணி மதியச் சாப்பாடு கொடுக்க ஒருநாள் அறைக்கு வந்தாள். அப்போது பார்த்து அலாரம் கத்தியது. ஒரு பட்டனைத் தட்டினேன், சத்தம் நின்றது.

“சரியாயிட்டா?”

“இல்ல. பாத்துட்டேன்னு சொல்லியிருக்கேன், அவ்வளவுதான். சத்தம் நிக்கும். கோளாறு அப்படியேதான் இருக்கும்.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இதத்தான் என்கிட்டயும் பண்ணுதிய. நான் எதச் சொன்னாலும் ‘சரி’ங்கிய. அதோட முடிஞ்சுது.”

அதற்கும் நான் “சரி” என்றுதான் சொன்னேன். மடையன்.

அக்டோபர் 16 – வியாழன்

இன்று எழுதித்தான் ஆகவேண்டும்.

நாலு மணிக்கு ராயகிரி சிவக்க ஆரம்பித்தது. பத்து, இருபது, அறுபது வீடு. பதினான்காவது வரிசை மட்டும் பச்சை. ஐந்து நிமிஷம் பார்த்தேன். பச்சை. இடி என்றால் நடுங்குகிறவள் ஏன் பிடுங்கவில்லை? வழுக்கி விழுந்துவிட்டாளா? அனு எங்கே? யோசிக்கவே இல்லை, போனைப் போட்டுவிட்டேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

எடுத்தாள். “என்ன?”

“இடி இடிக்கே... பெட்டிய இன்னும் ஆஃப் பண்ணலியே நீ?”



“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இங்க திரையில பச்சை தெரியுது.”

“தினமும் பாத்துக்கிட்டா இருக்கிய?”

“ஆமா.”

“மூணு நாளா காய்ச்சல்ல எந்திரிக்க முடியாம கிடக்கேன். அனு ஸ்கூல் விட்டு இன்னும் வரல. மூணு நாளும் உங்க திரையில என்ன தெரிஞ்சுது? பச்சைதானே? ‘அனு சாப்பிட்டாளா’ன்னு ஒரு போன் போட வக்கில்ல. வீட்டு ஒயர வேவு பாக்க மட்டும் தெரியுது.”

வைத்துவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் பதினான்காவது வரிசை சிவப்பானது.

வேவு. நான் அதைத் துணை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. மூன்று நாளும் பார்த்தேன், மூன்று நாளும் பச்சை, மூன்று நாளும் நிம்மதியாக வந்து தூங்கினேன். அவ படுத்துக் கிடந்திருக்கா. எனக்கு வெட்கமா இருக்கு.

அக்டோபர் 17 – வெள்ளி

திரும்பப் போன் பண்ணவில்லை. பயம்.

அக்டோபர் 20 – திங்கள்

தீபாவளி. நானே கேட்டு டூட்டி வாங்கிக்கொண்டேன். புளியங்குடிப் பக்கம் ராக்கெட் விழுந்து ஒரு கேபிள் எரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ஷாஹின் பானு, எங்கள் பில்லிங் பிரிவில் இருப்பவர், லீவு நாளிலும் வந்து ஒரு டப்பா நிறைய முறுக்கு வைத்துவிட்டுப் போனார். ராயகிரியைத் திறக்காமல் இருக்கப் பார்த்தேன். மதியம் வரைக்கும்தான் முடிந்தது.

அக்டோபர் 23 – வியாழன்

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஆறு விண்ணப்பம். நாலாவது, முத்துமணி, ராயகிரி. காரணம் என்ற கட்டத்தில் ‘வேறு கம்பெனிக்கு மாறுகிறோம்’ என்று இருந்தது. வரிசையை அழிப்பது என் வேலை. பெட்டியைத் திரும்ப வாங்கிவருவது லைன்மேன் வேலை.

“அண்ணாச்சி, நான் போயி வாங்கிட்டு வந்துருதேன். நீங்க கவலைப்படாதிய” என்றான் சேக் மைதீன்.

“வேண்டாம்டே. நானே போறேன்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 25 – சனி

போகும் முன் வரிசையை அழித்தேன். ‘நிச்சயமாகவா?’ என்று இயந்திரம் இரண்டு தடவை கேட்டது. பதினைந்தாவது வீடு பதினான்காம் இடத்துக்கு ஏறிக்கொண்டது. யாரோ சுவிசேஷமுத்து.

முத்துமணி கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். பெட்டி ஏற்கெனவே கழற்றி, ஒயர் சுற்றி, ஒரு பையில் தயாராக இருந்தது. வாங்கிக்கொண்டேன். கிளம்பியிருக்கலாம்.

“காய்ச்சல் எப்படி இருக்கு?”

“அது விட்டு ஒரு வாரம் ஆச்சு.”

“டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போனா?”

“அனுதான்.” எட்டாவது படிக்கிற பிள்ளை.

“தப்பு பண்ணிட்டேன்” என்றேன். அவள் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

“இனிமே இங்கன என்ன நடக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

“கேட்டாத்தான் தெரியும்.”

“ம்” என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ‘ம்’முக்கு அர்த்தம் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நவம்பர் 2 – ஞாயிறு

இன்றோடு எட்டு நாள், தினமும் காலை ஏழேகாலுக்குப் போன். அனுதான் எடுப்பாள். என்ன சாப்பிட்டாய், என்ன பாடம், அம்மா எப்படி இருக்கிறாள். முதல் மூன்று நாள் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில். நேற்று கணக்கு டீச்சரைப் பற்றிப் பத்து நிமிஷம் புலம்பினாள். முத்துமணி இதுவரை போனை வாங்கவில்லை.

இன்று அனு கேட்டாள்: “நீங்க சாப்பிட்டியளாப்பா?”

பொய் சொல்ல வரவில்லை. “இல்லம்மா” என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. பின்னாலிருந்து முத்துமணியின் குரல் கேட்டது:

“ஏன் சாப்பிடலன்னு கேளு.”