டைம் அவுட்டில் என் முகம்

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். உள்ளரங்கக் கூரை மூன்று இடத்தில் ஒழுகல், அடியில் வாளி. நம் கூடைப்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் இன்று வந்தாயிற்று: ரீட்டா, உடுமலைக்காரர், இந்திய அணியில் ஆடியவர். ஆண்கள் அணிக்கு ஒரு பெண்! பதினோரு வருடமாகத் துணைப் பயிற்சியாளராகவே குப்பை கொட்டுகிற எனக்கு அந்த நாற்காலி இல்லை. வயிறு எரிகிறது. இங்கேயாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் காதோடு: "இந்த லீக்குல மொத நாலு எடத்துக்குள்ள வரலீன்னா அந்தம்மாவ அனுப்பிப்போடுவோம். அப்பறம் நீங்கதானுங்க."

வீட்டில் மனைவி மலரிடம் சொன்னேன். "அந்தம்மா தோக்கோணும்னு சாமி கும்புடுவீங்களாக்கும்?" கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பினாள்.

நவ. 19, புதன்
வாங்க: முழங்கால் பட்டை 4, விசில் 1, கேப்டன் சிபிக்கு ஷூ லேஸ்.
ஐந்து ஆட்டம், மூன்று தோல்வி. ரீட்டா கெட்டிக்காரிதான், சொல்லத்தான் வேண்டும். ஐந்தரைக்கே, எல்லோருக்கும் முன்னால் வந்து பந்துகளுக்குக் காற்றடிக்கிறார்.

நவ. 30, ஞாயிறு
தோல்வி. ஒரே ஒரு புள்ளி. ஆட்டத்தை நிறுத்திப் பேசும் கடைசி டைம் அவுட்டில் ரீட்டா போர்டில் ஒரு திட்டம் வரைந்தார். சிபி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான், ஒருவனும் முழு மனதாக ஓடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ரீட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், நான் சொல்றப்ப பசங்க உங்க மூஞ்சியத்தான் பாக்கறாங்க. நீங்க தலையாட்டினாத்தான் ஓடறாங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

பொய். பதினோரு வருடமாகத் தெரியும்.

டிச. 7, ஞாயிறு
இப்போதெல்லாம் டைம் அவுட் என்றால் தண்ணீர் கேனோடு பெஞ்சின் கோடிக்குப் போய்விடுகிறேன். பார்க்க என் முகம் இல்லை, பையன்கள் போர்டைப் பார்க்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வெற்றி! மலர்: "கோச்சு வேலைய உட்டுப்போட்டுத் தண்ணி ஊத்தப் போயிட்டீங்களா?"
இடது முட்டியில் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

டிச. 20, சனி
கடைசி ஆட்டம். வென்றால் நான்காம் இடம். ஒன்பது விநாடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால். டைம் அவுட். கேனைத் தூக்கினேன்.

"சார், எங்க போறீங்க? இங்க வாங்க." ரீட்டா போர்டை என் பக்கம் திருப்பினார். "இது ஆகுமுங்களா?"

நான் உதட்டைப் பிதுக்கிய அதே திட்டம். பத்துப் பன்னிரண்டு முகம் என்னையே பார்க்கிறது. மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

"ஆகுமுங்க" என்றேன். "ஓடுங்கடா!"

ஓடினார்கள், உயிரைக் கொடுத்து. சிபி தனியே நின்றான், மறிக்க ஆளே இல்லை. அவன் எறிந்த பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. சிபி அழுதான். நானும்.

டிச. 22, திங்கள்
நல்ல வெயில். மேனேஜர் எழுந்து கை நீட்டினார், "வாழ்த்துக்கள்ங்க!" கையைக் கொடுக்காமல், உதட்டைப் பிதுக்கிய கதையைச் சொன்னேன். "அந்த ஆட்டம் என்னாலதானுங்க போச்சு. அதுல ஜெயிச்சிருந்தா நாலுக்குள்ள வந்திருப்போம். அவங்களே இருக்கட்டுங்க."

"உங்களுக்கென்ன பைத்தியமுங்களா?" பேனாவை மூடி வைத்தார். "செரி, இன்னொரு வருசம் பாக்கலாம்."

அரங்கில் ரீட்டா பையைக் கட்டிக்கொண்டிருந்தார். சேதியைச் சொன்னேன். "அன்னைக்கு பஸ்ஸுல தெரியாதுன்னேன். பொய்யுங்க."

"அது அன்னைக்கே தெரியுமுங்க சார்." பையிலிருந்து விசிலை வெளியே எடுத்தார். "நாளைக்கு அஞ்சரைக்கு வந்துருங்க."

வழக்கமாக நான் போவது ஆறு மணிக்கு. அலாரத்தை மாற்றி வைக்க வேண்டும்.