எனக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

21 ஏப்ரல் 2025, திங்கள்

கண்டிப் பெரியாஸ்பத்திரி. கட்டில் 14. நாளை வலது மார்பை எடுக்கிறார்கள்.

ஃபோர்மில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியோடு வந்தாள் ஒரு சின்ன நர்ஸ் மிஸ். பேனையை வாங்கி மூன்று மொழியிலும் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்தான். சாமான் சுற்றி வந்த பேப்பரில் படித்தேன். அதற்கென்ன?

பின்னேரம் யாகப்பர் வந்தான். காலமான என் புருஷன் லூர்துவின் தம்பி. நாவலப்பிட்டியில் எங்கள் தோட்ட லயத்து மரணாதாரச் சங்கத்தின் தலைவர். சாவு வீட்டுக்குக் கூடாரம், கதிரை, வெள்ளைக்கொடி, ஆள் எல்லாம் அனுப்புகிற சங்கம். பத்தொன்பது வருஷமாக நான்தான் காரியதரிசி.

"மதினி, கூட்டக் கொப்பியும் ஸ்டோர் சாவியும் எங்க இருக்கு? ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

ஒரு பேச்சுக்காம்! நான் செத்தால் தேட வேண்டாமே என்றுதான். இடத்தைச் சொல்லவில்லை.

23 ஏப்ரல், புதன்

விடிந்ததும் போன். சந்தியில் கடை வைத்திருக்கும் பஸ்னா. நான் "ஹலோ" என்றதும் ஒரே அலறல்.

"யா அல்லாஹ்! மாமி, நீங்களா பேசுறீங்க?"

"வேற யாரு பேசுவா?"

"நீங்க மௌத்தாகிட்டீங்கன்னு ரோடெல்லாம் வெள்ளைக்கொடி மாமி! மனசு கேக்காம சும்மா அடிச்சுப் பாத்தேன்."

நடந்தது இதுதான். நேற்று ஆபரேஷன் முடிந்து என்னை வேறு வார்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பார்வை நேரத்துக்கு யாகப்பர் வந்திருக்கிறான். கட்டில் காலி. மெத்தை சுருட்டியிருக்கிறது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்க மாட்டான். அரைகுறைச் சிங்களத்தில் கேட்டால் தலைவருடைய மானம் போய்விடும். ஆஸ்பத்திரியோ அரசாங்கக் கச்சேரியோ, சங்கத்துக்காகப் பேசியது எப்போதும் நான்தானே. மெத்தையைப் பார்த்தான், பஸ் ஏறினான், ஸ்டோர் பூட்டை உடைத்தான், கொடி கட்டினான். என் முற்றத்தில் கூடாரமும் போட்டாயிற்றாம்.

சிரித்தேன். தையல் இழுத்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"ஒரு கொடியையும் அவிழ்க்க விடாத" என்றேன் பஸ்னாவிடம்.

26 ஏப்ரல், சனி

என் சாவுக்குக் கட்டிய கொடிகளுக்கு நடுவே திரீவீலில் வந்து இறங்கினேன். முற்றம் முழுக்கச் சனம். யாகப்பர் தலை நிமிரவில்லை.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க…"

"செத்தவளுக்கு ஏதுய்யா நெனப்பு?"

சங்கக் கொப்பியை எடுத்து விதி ஒன்பதை வாசித்தேன். நானே எழுதிய விதி. தலைவர் கொடி ஏற்றினால், வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு நாள், மரண வீட்டு வேலைக்கு வந்தாக வேண்டும்.

"ஜூன் மாசம் எனக்குக் கேன்சருக்குக் கரண்ட் வைக்கிறாங்க, ரேடியேஷன். இருவத்தஞ்சு நாள், தினமும் கண்டிக்குப் போகணும். கொடி ஏத்தியாச்சுல்ல? ஆள் அனுப்புங்க."

சங்கத்து ஆள் சின்னமுத்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அது செத்தவங்களுக்கு…"

"நான் சாகலன்னு சங்கம் எங்க அறிவிச்சிருக்கு? காட்டு."

வீடுவீடாக நாளைப் பிரித்தேன். வியாழக்கிழமைகள் ஐந்தும் கொடி கட்டியவனுக்கு. ஜூலையில் பொதுக்கூட்டம் வருகிறது. அன்றைக்கு அவனைப் பதவியிலிருந்து இறக்காவிட்டால் நான் பிலோமினா இல்லை.

3 ஜூன், செவ்வாய்

இன்று துணைக்கு லயத்துச் சுகிர்தா. போகும்போதும் வரும்போதும் அழுதாள். நான் தேற்றிக்கொண்டே வந்தேன்.

5 ஜூன், வியாழன்

"போய்க் கேளு" என்றேன் யாகப்பரிடம், கவுண்டரில்.

"மதினி, நீங்களே ஒரு வார்த்த…"

"செத்தவ பேச மாட்டா."

வியர்த்து வழிய, பாதியை வாயாலும் பாதியைக் கையாலும் கேட்டான். நம்பரும் வாங்கிவிட்டான். நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த அலவத்துகொட ஊர் றுமைஸா, அவளுக்கும் என் வியாதிதான், என்னை இடித்தாள். "யாரு இவரு? ஊமையா?"

"எனக்குக் கொடி கட்டுனவரு. என்னய்யா, நீயே சொல்லு."

சொல்ல வைத்தேன். மெத்தையிலிருந்து கூடாரம் வரை ஒன்றும் விடாமல். வாங்கு முழுக்கச் சிரித்தது. அவன் காது சிவந்ததைப் பார்த்தபோது தையல் போட்ட இடம்கூட வலிக்கவில்லை.

19 ஜூன், வியாழன்

மூன்றாம் முறையாகச் சொல்கிறான். இப்போது சொந்தச் சரக்கும் சேர்க்கிறான். தேத்தண்ணிக்கு எத்தனை கேத்தல் வைத்தார்கள், என் போட்டோவைப் பெரிதாக்க எங்கே கொடுத்தான், எல்லாம். றுமைஸா மார்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்கு அவன் இப்போது அண்ணன். "நானா, அடுத்த கெழமையும் வாங்க!"

எனக்குத்தான் எரிச்சல். தண்டனை அவனுக்கு இனிக்கத் தொடங்கிவிட்டது.

25 ஜூன், புதன்

பதினேழு கரண்ட் முடிந்தது. கக்கத்தில் தோல் கருகி உரிகிறது. சட்டை பட்டாலே உயிர் போகிறது. சோறு இறங்கவில்லை. போதும். நான் இனிப் போகமாட்டேன். யாருக்கு என்ன? பிள்ளையா குட்டியா, லூர்தும் இல்லை. யாருக்காக இப்படி வேகணும்?

26 ஜூன், வியாழன்

நான் எழும்பவில்லை. ஏழு மணிக்கு யாகப்பர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"பஸ் போயிருச்சு மதினி."

"போகட்டும்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்ப நான் கட்டுனது சரிதான்."

"என்னது?"

"கொடிதான். நீங்க இப்புடியே படுத்துட்டீங்கன்னா அது தப்புன்னு ஆகாதே. கொஞ்சம் முந்திக் கட்டிட்டேன், அவ்வளவுதான். சனங்கிட்ட அப்புடியே சொல்லிர்றேன்."

எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! எழுந்தேன். லூர்துவின் பழைய சேர்ட்டைத் தொளதொளவென்று மாட்டினேன். "எந்திரிடா!" முப்பது வருஷத்தில் அவனை நேரே 'டா' போட்டது இன்றுதான். முறைக்கவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வெளியே லயத்து கணேஸின் திரீவீல் ஏற்கெனவே நின்றது.

பதினெட்டு.

7 ஜூலை, திங்கள்

இருபத்தைந்து.

27 ஜூலை, ஞாயிறு

பொதுக்கூட்டம். தீர்மானத்தை ஏப்ரலிலேயே எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். என் முறை வந்தபோது சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. யாகப்பர் மேசையைப் பார்த்தபடி, "வாசிங்க மதினி" என்றான்.

வாசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவனைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டால், பிறகு எதைச் சொல்லி அவனை அதட்டுவது? தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை. "அடுத்த விஷயம்" என்றேன்.

வரும் வியாழன் கிளினிக். இனித் தனியாக வரலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். யாகப்பரிடம் அதைச் சொல்லவில்லை. ஆறேகால் பஸ்ஸுக்கு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஆறுக்கே வந்துவிடுவான், பாவி.