அறுபத்தோராம் பக்கத்துக் காக்கை

காவ்சியோங்,
3 மார்ச் 1987

அன்புள்ள பீலியன்,

மூன்று வருடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது போதும். நான்தான் முதலில் எழுதுகிறேன் என்பதைக் குறித்து வைத்துக்கொள். பின்னால் சொல்லிக்காட்டுவேன்.

என் வானொலி ஆங்கிலப் பாடத்துக்கு இது ஒன்பதாவது வருடம். காலை ஆறரைக்குத் தென் தைவானில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டுக்கொண்டுதான் பல் தேய்க்கிறார்கள். விலங்கு, பறவைகளை வைத்து ஆங்கிலத்தில் சொல்லும் மரபுத்தொடர்களை மட்டும் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். கைப்பிரதி இத்துடன் இருக்கிறது. திருத்திக் கொடு, முன்னுரையும் எழுதிக் கொடு. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து, ஆங்கிலத்தில் எனக்கு அடுத்தபடி நான் நம்புவது உன்னைத்தான்.

உன் வீட்டுக்காரர் ஜின்து எப்படி இருக்கிறார்? பந்தயப் புறாக்கள் இன்னும் இருக்கின்றனவா, இல்லை நீ சூப் வைத்துவிட்டாயா?

உன்
பாவ்சூ

*

சியாயி,
11 மார்ச் 1987

பாவ்சூவுக்கு,

கைப்பிரதி கிடைத்தது. பென்சிலால் திருத்தியிருக்கிறேன். கோயில் சமையலறையில் உதவிக்குப் போவதால் நான்கு நாள் தாமதம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, அறுபத்தோராம் பக்கத்தைத் தவிர. ஒருவர் காக்கையைத் தின்றார் என்று ஆங்கிலத்தில் சொன்னால் அவருக்குக் கெட்ட காலம் வந்தது என்று பொருள் எழுதியிருக்கிறாய். மூன்று வருடத்துக்கு முன் வானொலியிலும் அதையேதான் சொன்னாய். அது அப்படி இல்லை. வீம்பாக ஒன்றைச் சாதித்தவர், அது தப்பென்று தெரிந்தபின் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதற்குத்தான் அந்தப் பேச்சு. அன்றைக்கே உனக்கு எழுதினேன். நீ என்ன செய்தாய்? என் கடிதத்தை வானொலியில் வாசித்தாய். "சியாயிலேர்ந்து ஒரு டீச்சரம்மா எனக்கே பாடம் எடுக்குறாங்க, கேட்டுக்கங்க" என்று சிரித்தாய். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகை நிறையக் காக்கை. பையன்கள் எல்லோரும் உன் நிகழ்ச்சியைக் கேட்பவர்கள்தானே.

அந்தப் பக்கம் இருக்கும் புத்தகத்தில் என் பெயர் வராது.

பீலியன்

*

காவ்சியோங்,
20 மார்ச் 1987

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

ஒரு சின்னக் கேலியை மூன்று வருடமாக அடைகாக்கிறாயா?

நீயே சொல். காக்கை கத்தினால் நம் ஊரில் யாராவது சந்தோஷப்படுவார்களா? அபசகுனமாகப் பேசினால் "காக்கா வாய், மூடு" என்று உன் அம்மாவும் என் அம்மாவும் அதட்டாத நாள் உண்டா? அப்படிப்பட்டதைத் தின்றவனுக்கு நல்லதா நடக்கும்? இதற்கெல்லாம் அகராதி எதற்கு? சந்தேகமாக இருந்தால் ஜின்துவைக் கேள். அவர் எப்போதும் என் கட்சி.

சரி, உனக்காக இறங்கி வருகிறேன். அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்போதாவது முன்னுரை அனுப்பு.

பாவ்சூ

*

சியாயி,
26 மார்ச் 1987

பாவ்சூவுக்கு,

சிரித்தது வானொலியில். சரிசெய்வதும் அங்கேதான். சத்தமில்லாமல் கிழிக்கும் பக்கம் எனக்கு வேண்டாம். கைப்பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பீலியன்

*

காவ்சியோங்,
14 ஏப்ரல் 1987

பீலியன்,

உன் கடிதம் வந்ததும் கோபத்தில் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். போன வாரம் சியூ என்று ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். குடை ஏற்றுமதி செய்யும் இடத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவள். என்னைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள்.

"டீச்சர், அமெரிக்காவுல எங்ககிட்ட குடை வாங்குறவரோட கிடங்கு எரிஞ்சு போச்சு. ஆறுதலா நாலு வரி எழுதலாம்னு, நீங்க காக்காவத் தின்ன நேர்ந்ததுக்கு வருந்துறோம்னு எழுதினேன். மனுஷன் கிடங்கு எரிஞ்சு நிக்கிறப்ப நாங்க கேலி பண்றோம்னு நெனச்சுட்டாரு. ஆர்டர் போச்சு. என்னயும் வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நீங்க சொல்லிக்குடுத்ததத்தானே டீச்சர் எழுதினேன்?"

அவள் எதிரிலேயே அகராதியைத் திறந்தேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. நீ எழுதியிருந்தது அப்படியே அங்கே இருந்தது. பீலியன், எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்த அமெரிக்கருக்கு நானே கடிதம் எழுதினேன். அவள் முதலாளியைப் போய்ப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சியூவை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வானொலியில் சொல்லப்போகிறேன் என்றதும் நிலைய மேலாளர் ஹௌ பதறினார். "புத்தகம் வர்ற நேரத்துல எதுக்கு டீச்சர் வம்பு? கண்டும் காணாம அடுத்த பாடத்துக்குப் போயிருங்க." நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை நான் பேசியதை எழுதுகிறேன். நீ என் நிகழ்ச்சியைக் கேட்பதை என்றைக்கோ நிறுத்தியிருப்பாய்.

"இன்னிக்குப் பழைய பாடம் ஒண்ணத் திருத்துறோம். நம்ம ஊர்ல தப்புப் பண்ணினவங்க என்ன செய்வோம்? பன்றிக்கால் நூடுல்ஸ் செஞ்சு எடுத்துட்டுப் போவோம். யாருக்குத் தப்புப் பண்ணினோமோ அவங்க அதச் சாப்பிட்டா பீடை கழியும். இங்கிலீஷ்காரங்க முறை வேற. தப்புப் பண்ணினவங்கதான் சாப்பிடணும், அதுவும் காக்காவ. நான்தான் சரின்னு சாதிச்சவங்க, எல்லார் முன்னாலயும் இல்ல தப்புதான்னு சொல்றதுக்குப் பேரு காக்காவத் தின்னுறது. உதாரணம் வேணுமா? பாவ்சூ டீச்சர் இன்னிக்குக் காக்காவத் தின்னுறாங்க. சியாயி பீலியன் டீச்சர் மூணு வருஷத்துக்கு முன்னாலயே சரியாச் சொன்னாங்க. நான் சிரிச்சேன். அது கேவலம். எல்லாரும் நோட்டுல எழுதிக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பன்றிக்கால் நூடுல்ஸை நானே சமைத்து எடுத்து வருகிறேன். கிண்ணம் காலியாகும்வரை நீ எழுந்திருக்கக் கூடாது. ஜின்துவுக்கும் ஒரு கிண்ணம் உண்டு.

பாவ்சூ

*

சியாயி,
17 ஏப்ரல் 1987

அன்புள்ள பாவ்சூ,

திங்கட்கிழமை கேட்டேன். மூன்று வருடமும் ஒரு நாள் விடாமல் கேட்டேன். நான் அணைக்கப் போனாலும் ஜின்து விடமாட்டார். "இருடி, ஒரு நாள் அவளே சொல்லுவா. வாய்தான் பெருசு, மனசு கெட்டதில்ல" என்பார். அந்த நாளுக்கு அவர் இல்லை. போன வருடம் நவம்பரில் போய்விட்டார். உனக்குச் சொல்ல மூன்று தடவை பேனாவை எடுத்தேன். முதலில் நீ உன் காக்கையைத் தின்று முடி என்று வீம்பாக இருந்துவிட்டேன். சாவுச் செய்தியில் போய் வீம்பு பார்த்தவள் நான். அந்தக் காக்கையில் ஒரு சிறகு என் பங்கு.

அவர் போனதிலிருந்து நான் சைவம். ஆகவே நம் ஊர் முறை இந்தத் தடவை நடக்காது. இங்கிலீஷ்காரர்கள் முறையிலேயே வைத்துக்கொள்வோம். ஒரு கிண்ணத்தை அவர் படத்துக்கு முன்னால் வை. ஊதுபத்தி அணைந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார். இரண்டு கிண்ணமும் நீதான் தின்ன வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்னுரையை எழுதி வைத்துவிட்டேன். அறுபத்தோராம் பக்கத்தைத் திருத்தி எடுத்து வா.

உன்
பீலியன்