சஹனில் பொறித்த பெயர்

அன்பு மகன் பஹீமுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் சுகத்தை விசாரிக்கவும் தேவையில்லை. டோஹாவில் நீ என்ன தின்றாய், எந்தக் கடற்கரையில் நின்றாய் என்பதெல்லாம் பேஸ்புக்கைப் பார்த்து கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெரு முழுக்கத் தெரியும். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, வாட்ஸ்அப்பில் எழுதினால் அதையும் படம் பிடித்து யாருக்காவது அனுப்புவாய், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற முனாஸின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ லீவில் வந்திருந்தபோது நஸ்லியா ராத்தாவின் மகள் கல்யாணத்துக்கு உன்னை எப்படிச் சொல்லி அனுப்பினேன்? தங்கச்சி ரிப்காவை அவருடைய மகன் அஹ்னாபுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம், சம்பந்தியாகப் போகிற வீடு, மரியாதையாகப் போய் வா என்றுதானே. நீ பாலத்தடியில் நின்று விதவிதமாகப் படம் எடுத்துவிட்டு, சாப்பாடு முடிகிற நேரத்தில் போய்க் கடைசி சஹனில் உட்கார்ந்தாய். ஆறு பேர் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும்போது ஒருவருக்குக் கறி எட்டவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் தன் பங்கைத் தள்ளிவிடுவார், அதற்குத்தான் சஹன். நீ என்ன செய்தாய்? தட்டைப் படம் எடுத்து, ஆறு பேருக்கு ஒரு கோழி, அதுவும் நோன்பு பிடிச்ச கோழி என்று எழுதிப் போட்டாய். போதாததற்கு உன் தங்கச்சியையும் அதில் டேக் செய்தாய். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனையா நான் பெற்றேன்.

கேட்டதற்கு, யாருடைய வீடென்று பேர் போடல்லயே உம்மா, கூட்டாளிமார் மட்டும்தான் பார்ப்பாங்க என்றாய். நீ போட்ட படத்தை நீயே கண் திறந்து பார்த்தாயா? சஹனின் விளிம்பில் மர்ஹூம் செய்னுலாப்தீன் நினைவாக என்று பொறித்திருக்கிறது. அவர் நஸ்லியா ராத்தாவின் வாப்பா. அவர் மௌத்தான பிறகு, அவருக்கு நன்மை சேரட்டும் என்று பிள்ளைகள் பள்ளிவாசலுக்குக் கொடுத்த சஹன்கள் அவை. ஊரில் கல்யாணமோ, மௌத்தானவருக்கு ஓதுகிற கத்தமோ எதுவென்றாலும் அதில்தான் சாப்பாடு, உன் சுன்னத்துச் சாப்பாட்டையும் அதில்தான் வைத்தோம். இப்போது அந்த மனிதரின் பெயர் நடுவில், கீழே வரிசையாக உன் கூட்டாளிமாரின் சிரிப்பு மூஞ்சிகள். பிறகு அழித்துவிட்டேன் என்கிறாய். அதற்குள் உன் கூட்டாளி ஹில்மி அதைப் படம் பிடித்து ஊர்க் குரூப்பில் போட்டுவிட்டான், அங்கே போய் உன்னால் எதை அழிக்க முடியும்? வாப்பா இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்குப் போவதில்லை, பஸ் ஏறிக் கண்டி டவுனுக்குப் போகிறார். கேட்டால் அங்கே குத்பாப் பிரசங்கம் நன்றாக இருக்கிறதாம். யாருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் போகிறார் என்று எனக்குத் தெரியாதா.

வெட்கத்தை விட்டு, வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு நஸ்லியா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். என் மகன் வாய்க்கொழுப்புப் பிடித்தவன், நீங்கள்தான் மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார், பிளேன்ரீ தந்தார். உங்கட மகன உடுங்க, அவர் வெளிநாட்டுல ஈக்கிற ஆள், எங்கட ஊட்டுக்கு வரப்போற புள்ளயும்தானே சிரிச்சீக்கி என்று சொல்லி போனை என் முன்னால் நீட்டினார். அந்தச் சிரிப்பு மூஞ்சிகளில் முதலாவது ரிப்காவுடையது. நான் கிளம்பும்போது வட்டிலப்பத்தை மூடியைக்கூடத் திறக்காமல் பாத்திரத்தோடு திருப்பித் தந்தார். இனி அந்தச் சம்பந்தம் பற்றி நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நீ எதைப் போட்டாலும் வாசிக்காமலே சிரிப்பு மூஞ்சியை அழுத்துகிறவள் ரிப்கா. கூடப் பிறந்த நானா போட்டால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பினாள், அந்த நம்பிக்கைக்குத்தான் இந்தக் கூலி. நீயோ முந்தாநாள் சூரியன் மறைகிற படம் ஒன்றோடு மன்னிப்பு என்று எழுதிப் போட்டிருக்கிறாய். அதற்கும் இதயம் போட்டிருக்கிறார்கள், மாஷா அல்லாஹ் என்ன மனசு என்று புகழ்ந்திருக்கிறார்கள். உன் பெயரை நீ கழுவிக்கொண்டாய், அவள் பெயரைக் கழுவ யார் வருவார்? உனக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருந்தால் நஸ்லியா ராத்தாவுக்கு நேராகப் போன் எடு. தங்கச்சி அந்தப் பெயரைப் பார்க்கவில்லை, நான்தான் அவளை அதில் இழுத்துவிட்டேன் என்று உன் வாயால் சொல். அவர் எடுக்காவிட்டால் மறுபடியும் எடு. அவர் ஏசினால் கேட்டுக்கொண்டிரு. அதை எங்கேயும் போடாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், அதற்கு முந்திக் கொஞ்சம் வெட்கத்தைத் தரட்டும். தொழுகையை விடாதே. முனாஸிடம் மாசிச் சம்பல் கொடுத்திருக்கிறேன், படம் எடுக்காமல் சாப்பிடு. தங்கச்சி சலாம் சொன்னாள் என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இன்றைக்கும் அவளிடம், நானாவுக்கு எழுதுகிறேன், என்ன சொல்ல என்று கேட்டேன். என்னப் பத்தி ஒண்டும் எழுதாதீங்க உம்மா, நானா அதையும் போட்டுருவார் என்றாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா,
ரபீகா,
கட்டுகஸ்தோட்டை.