பச்சை லேபிள்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவுக்கு ஆறு மாதம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது. இரண்டு வாரம் சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்திப் பார்ப்பார்களாம். அடங்காவிட்டால் பிரசவம்வரை தினமும் ஊசி. ஊசியென்றால் அவளுக்கு உயிரே போய்விடும்.

"அப்படி என்னம்மா குடிக்கிற?" என்று டாக்டரம்மா கேட்டாராம். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாரா வாரம் ஆலையிலிருந்து ஒரு பெட்டி குளிர்பானம் தூக்கி வருவது நான்தான். தொழிலாளிக்கு இலவசமாம். கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிடம் கேட்டால் முறைக்கிறவர்கள், சர்க்கரைத் தண்ணீரை மட்டும் வாரி வழங்குகிறார்கள்.

மார்ச் 4

எல்லாப் பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தேன். அக்கா இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றாள்.

"டேய், ஒன்னே ஒன்ன விட்டு வைடா. எனக்கில்ல, உள்ள இருக்கறது கேக்குது."

"நீ என்ன அதுக்குத் தபால்காரியா?"

மார்ச் 6, வெள்ளி

உறைந்த ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, தண்ணீர், எலுமிச்சை. சுத்தமாக வடிகட்டிக் கொடுத்தேன்.

"பெயின்ட் பிரஷ் கழுவின தண்ணி மாதிரி இருக்குடா."

அத்தான் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். மிச்சத்தை அவர் நல்லது கெட்டது சொல்லாமல் குடித்து முடித்தார். சரியான ஊமைக்கோட்டான். அக்கா இவரிடம் எதைக் கண்டாளோ!

மார்ச் 8, ஞாயிறு

வெற்றி! பெர்ரியோடு கடையில் வாங்கிய திராட்சைச் சாறு பாதிக்குப் பாதி. பச்சை லேபிள்: 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'. அக்கா இரண்டு டம்ளர் குடித்தாள். "இதுதாண்டா டிரிங்க்!" தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 10

மூன்று நாளாக விரலில் குத்திப் பார்த்தால் ஏற்றம்தான். அக்கா அழுதுவிட்டாள். "சோத்தக்கூட கொறச்சிட்டேனே... என் ஒடம்பே சரியில்லடா."

அத்தான் குப்பையிலிருந்து அந்தச் சாறுப் பாட்டிலை எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"ஒரு டம்ளர் சாறுல எட்டு ஸ்பூன் சர்க்கரை. பழத்தோடதே. அவங்க சேர்க்கலதான்."

நான் என்ன வேலை பார்க்கிறேன்? லேபிள் ஒட்டும் எந்திரத்தில் நிற்கிறேன்! ஒரே தொட்டிச் சரக்குக்கு இரண்டு நிற லேபிள் ஒட்டியவன். முன்பக்கம் ஆளை மயக்கத்தான் என்று தெரிந்தவன். அந்த நானே— சே!

இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தான் இடத்தில் நான் இருந்தால் வீடே இரண்டாகியிருக்கும்.

மார்ச் 12, வியாழன்

அத்தான் அரைநாள் வேலையை விட்டு, சாயம் படிந்த சட்டையோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நர்ஸிடம் கேட்டு வந்திருக்கிறார். "வடிகட்டாதே, சக்கையோட கொடு. பழம் ஒரு கைப்பிடி போதும்."

எங்கள் தெருக்கடையில் வாசலை அடைத்துக்கொண்டு ஆலை கொடுத்த குளிர்பெட்டி. அதில் பதினொரு வகை இனிப்புத் தண்ணீர். ஒரு பெர்ரி கிடையாது. இந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பெர்ரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். உருகாமலிருக்க அத்தான் தன் வேலைத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறார்.

நான் நசுக்கினேன். புதினா, எலுமிச்சை, சிட்டிகை உப்பு. நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிட்டு, வெறும் சோடா ஊற்றினேன். ஊறவிட்டதில்தான் விஷயம் இருக்கிறது.

அக்கா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னும் இருக்காடா?"

மார்ச் 15

மூன்று நாளும் அளவுக்குள்.

மார்ச் 17, செவ்வாய்

ஊசி வேண்டாம்! "இப்படியே போங்க" என்றாராம் டாக்டரம்மா. அத்தான் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகம் கழுவினார். ரொம்ப நேரம்.

ஊமைக்கோட்டான் என்று எழுதியதை அடிக்கப்போவதில்லை. என் லட்சணம் எனக்கு நினைவிருக்கட்டும்.

ஏப்ரல் 2

ஆலையில் இலவசக் குளிர்பானப் பெட்டிக்குப் பதிலாகக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனு. பத்தொன்பது கையெழுத்து. சூப்பர்வைசர் சிரித்தார். சிரிக்கட்டும், நாளைக்கும் கொண்டுபோவேன்.

மே 24, ஞாயிறு

பெண் குழந்தை. ஊசியே போடாமல் வந்து சேர்ந்தாள். தொண்டை மட்டும் என்னைப்போல்.

வேலைக்குக் கிளம்ப ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு பாட்டில். அத்தானின் நீல டேப், அதில் பென்சில் எழுத்து: 'ஸ்ட்ராபெர்ரி 4, புளூபெர்ரி 10, புதினா, எலுமிச்சை, உப்பு. வேறொன்றும் இல்லை.'

பழக்கதோஷம், பின்பக்கம் திருப்பினேன். அங்கேயும் ஒரு துண்டு டேப்.

'மாமனுக்கு.'