உருளும் கோரை

செல்லமே,

போன வாரம் அப்பா நம் குளத்தில் களை பிடுங்க இறங்கினார். எல்லாவற்றையும் வாரி எறிந்தவர் ஒரு கொத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அதன் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார், நீ செய்வாயே, அதே மாதிரி.

"உருளுதுடி! களைக்கோரைன்னா தண்டு மூணு பட்டையா இருக்கும், உருளாது. இது இந்த மண்ணோட கோரை. இதோட வேர்தான் கரையைப் பிடிச்சு வெச்சிருக்கு."

இதையே நீ சொன்னபோது எரிந்து விழுந்த மனுஷன்தான்.

கொத்துக்குள் நீர்க்கோழி முட்டையிட்டிருக்கிறது. அந்தப் பக்கம் என்னைக்கூட அப்பா விடுவதில்லை.

உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேச்சையே எடுக்காதவர், இன்று காலை டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"குஞ்சு பொரிக்கறதுக்குள்ள வந்து பாக்கச் சொல்லு. ரெண்டு பேரையும்."

பையைக் கட்டு.

அம்மா