குடும்பத் தலைவர் பெயர் முதலில்

ராயபுரம்,
8-2-2026, ஞாயிறு.

அன்பு மகள் மகிழினிக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஏணி ஏறி இறங்கின கால், இனி அப்படித்தான் இருக்கும்.

உறையின் மேல் இருப்பது பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்காவின் கையெழுத்து. என் கிறுக்கலைப் பார்த்ததும் பிரிக்காமலே கிழித்துவிடுவாயோ என்று பயந்து அவரை எழுதச் சொன்னேன். கடிதம் ஆரம்பிக்கும்போதே ஒரு திருட்டுத்தனம், மன்னித்துக்கொள். உன் எண்ணுக்குப் போன் போட்டால் ஒரு மணியோடு அறுந்துவிடுகிறது. இரண்டு வருடமாக அப்படித்தான். அதனால் உன் தோழி கௌசரிடம் முகவரி கேட்டு நாலு மாதம் அலைந்தேன். அவள் நம் வீட்டுக்கே வந்து, உன் அம்மா படத்தின் மேல் கையை வைக்கச் சொல்லி, புனேவுக்கு வண்டியேறி வந்து நிற்கமாட்டேன், உன்னை வரச் சொல்லியும் எழுதமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நீ விட்டுப்போன கணினி நன்றாக ஓடுகிறது. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் ஜன்னல் விளிம்பில் சாம்பல் படிகிற மாதிரி அதன் வயிற்றுக்குள்ளும் படிகிறது. மாதம் ஒருமுறை பக்கத்து மூடியைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியைத் துடைத்து வைக்கிறேன். நீ போவதற்கு ஒரு மாதம் முன்பு விண்டோஸைத் தூக்கிவிட்டு அதில் லினக்ஸ் போட்டாய். எனக்கும் என் பெயரில், தனிக் கடவுச்சொல்லோடு ஒரு கணக்கு வைத்துக் கொடுத்தாய். எனக்கு எதுக்குடி இதெல்லாம் என்று கத்தினேன். ‘அப்பாவுக்கு’ என்று தலைப்புப் போட்டு நீ எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளை, நீ போய் ஆறு மாதம் கழித்துத் தூசி துடைக்கும்போதுதான் பார்த்தேன். முதல் வரி, ‘பயப்படாதப்பா, எதை அமுக்குனாலும் வெடிக்காது.’ அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

அந்தத் தாளை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். கறுப்புத் திரையில் கடவுச்சொல் அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஆனாலும் அது வாங்கிக்கொள்ளும் என்று நாலாவது வரியில் எழுதியிருந்தாய். நான் மூன்றாவது வரியோடு நிறுத்திவிட்டு, கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதில் அடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரனோடு சண்டை போடக் கிளம்பினவன், செருப்பு மாட்டும்போதுதான் நாலாவது வரியைப் படித்தேன். உன் அப்பனின் அவசரம் உனக்குத் தெரியாததா.

போன அக்டோபரில் பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு வராது என்று செய்தி வந்ததும் நம் தெருவில் எல்லாருக்கும் கலக்கம். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய பெட்டிகள்தான் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. ரிப்பேர் கடையில் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இதற்கு லினக்ஸ் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும், என் மகள் போட்டுக் கொடுத்தது ஓடுகிறதே என்று பெருமை அடித்தேன். அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுவேன். பிடித்திருந்தால் போடலாம், பிடிக்காவிட்டால் பழையபடியே எடுத்துப் போகலாம் என்பேன். ஞானபாக்கியம் அக்கா, சி டிரைவ் எங்கே போச்சு, அதில்தான் என் சபைப் பாட்டெல்லாம் வைத்திருந்தேன் என்று அரைமணி நேரம் தேடினார். பாட்டை நான் முதலிலேயே வேறொரு டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். திறந்து காட்டியதும், ‘இன்னாபா நீ, ஒரு நிமிசம் உசுரே போச்சு’ என்று முதுகில் அடித்தார். பதினொரு பெட்டிக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மகிழினி. பன்னிரண்டு மணிக்கெல்லாம் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பல வாரம், மறு ஞாயிறு வரை நான் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கணக்கு. முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. ‘இது உன் அறை, சாவி உன்கிட்ட. வேற யாரும் உள்ள வர முடியாது’ என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன். ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கேதான் தப்பும் செய்தேன். முதலில் போடுகிற பெயருக்குத்தான் எல்லா அதிகாரமும் என்று உன் தாளில் இருந்தது. யார் பெயரை முதலில் போட என்று கேட்டால், எல்லா வீட்டிலும் ரேஷன் கார்டு வரிசையைத்தான் சொன்னார்கள். குடும்பத் தலைவர், மனைவி, பிறகு பிள்ளைகள். எனக்கும் அதுதானே முறை என்று பட்டது. எல்லா அதிகாரமும் என்றால் மற்றவர் அறையைத் திறப்பதும் அதில் சேர்த்தி என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு அலி அக்பர் பாய், நான் போட்டுக் கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்மண்டபத்தில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறாரே, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என்னோடு ஓடி வந்தவர். அவர் மகள் நவ்ரீன் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அவள் எந்நேரமும் கணினியில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாளாம், அதைப் பார்த்தாக வேண்டுமாம். ரிப்பேர் கடையில் ஒரு சீட்டு எழுதி வாங்கி வந்திருந்தார். முதல் பெயர்க்காரர் இந்த வரியை அடித்தால் மகளின் கோப்புகள் எல்லாம் திறக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு இங்கிலீஷில் அடிக்கத் தடுமாற்றம், அதனால் என்னை அடிக்கச் சொன்னார். முடியாது என்றேன். ‘இன்னா நைனா, நம்ம வூட்டுப் பொட்டிதானே. பெத்தவன் நான் பாக்கக் கூடாதா?’ என்றார்.

அந்தக் கடைசி வரி என் வார்த்தை, மகிழினி. ஒரு எழுத்து மாறவில்லை. நீ குளிக்கப் போன நேரத்தில் உன் போனை எடுத்துப் படித்துவிட்டு, உன் ஆபீஸ் வாசலில் போய் நின்று உனக்குச் செய்தி அனுப்பியிருந்த அந்தப் பையனின் சட்டையைப் பிடித்துக் கத்தினேனே, அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னது. உன்னோடு வேலை செய்கிற அத்தனை பேரும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் கிளம்பிப் போய்விட்டாய். போகிற நாளிலும் இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் போனாய்.

பாயின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘ஊருக்கெல்லாம் நாயம் சொல்ல வந்துட்டியா மாமு? உன் பொண்ணு இன்னாத்துக்கு வூட்ட வுட்டுப் போச்சுன்னு தெருவுக்கே தெரியும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடத்துச் சிநேகம் அது.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் அனுப்பினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

அவர் போன பிறகு அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நம் வீட்டுப் பெட்டியில் உன் பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது, சின்னப் பூட்டோடு. போகும்போது நீ என் பெயருக்கும் முழு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. நான் தனியாகத் தடுமாறக் கூடாது என்று கொடுத்தாயோ, எப்படியும் இந்த ஆள் பார்க்கத்தான் போகிறான் என்று வெறுத்துப்போய்க் கொடுத்தாயோ, தெரியவில்லை. உட்கார்ந்தேன். நவ்ரீன் என்று இருந்த இடத்தில் உன் பெயரை அடித்தேன். என் கடவுச்சொல் கேட்டது, அதையும் அடித்தேன். ஒரு பொத்தான்தான் பாக்கி. அப்போது கரண்ட் போய்விட்டது.

என் நல்ல புத்தியால் நின்றது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். கரண்ட் இருந்திருந்தால் அமுக்கியிருப்பேன். பாய்க்கு நியாயம் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீ எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், என்னைப் பற்றி ஒரு வரியாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு வெறி இருந்தது. மறுபடி கரண்ட் வந்தபோது எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. சீட்டை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலையில் பாய் கடைக்குப் போன பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். நவ்ரீனும் அவள் அம்மா ஃபிர்தௌஸும் இருந்தார்கள். நான் உன்னிடம் சொன்னது பொய்யாகிவிட்டது அம்மா, உன் அப்பா நினைத்தால் உன் அறையைத் திறக்க முடியும், பெயர் போட்டது நான்தான், என்னை மன்னித்துவிடு என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். ‘தெரியும் அங்கிள். நீங்க வாப்பா பேரை மொதல்ல போடும்போதே தெரியும். அதான் நான் அதுல ஒண்ணுமே வெக்கல’ என்றாள். அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு மற்ற வீடுகளுக்கும் போய், வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. ‘வூட்டுக்குள்ள வந்து பொண்ணுங்களக் கெளப்பி வுடறான்’ என்று பேச்சு. போன ஞாயிறு ஒருவரும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஒன்பது டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், அதை மறுபடி உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஞானபாக்கியம் அக்கா மட்டும் சுவரைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நவ்ரீன் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உன் கோப்புறையிலும் ஒன்றுமே இல்லையோ என்னவோ. ஒன்றுமில்லாததைத்தான் திறக்கத் துடித்தேனோ என்னவோ. எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. போன புதன்கிழமை பெட்டியின் அமைப்புகளுக்குப் போய், என் பெயருக்கு எதிரே இருந்த நிர்வாகி என்கிற பொத்தானை அணைத்துவிட்டேன். அணைக்கும் முன்பு, இதைத் திரும்பப் போட என்னால் முடியாது என்று எனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தப் பெட்டியில் அதிகாரம் இருப்பது உன் ஒருத்தியின் பெயருக்குத்தான். பழைய பாட்டு கேட்கலாம், கடிதம் அடிக்கலாம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஆகாது.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. நான் செய்தது தப்பு. போனைப் படித்தது தப்பு, அந்தப் பையன் மேல் கை வைத்தது தப்பு, அதற்குப் பிறகும் பெற்றவன் என்று மார்தட்டியது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. அவனை எப்போதாவது பார்த்தால் அவனிடமும் சொல்.

தினமும் காலையில் பெட்டியைப் போட்டதும், அப்டேட் வந்திருக்கிறது என்று ஒரு சின்னக் கட்டம் வருகிறது. அதில் மகிழினி என்று உன் பெயரைப் போட்டு, கீழே கடவுச்சொல் கேட்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரத்து என்பதை அமுக்குகிறேன். மறுநாள் மறுபடியும் கேட்கிறது. எத்தனை நாளானாலும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும் போலிருக்கிறது. அப்பா கஷ்டப்படுகிறாரே என்று இரக்கப்பட்டு உன் கடவுச்சொல்லை எழுதி மட்டும் அனுப்பிவிடாதே. போனில் கேட்டாலும் சொல்லாதே. அதை நீதான் அடிக்க வேண்டும், உன் கையால்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணு. நீ நினைத்தபடியெல்லாம் நன்றாக இரு.

உன் அப்பா,
நீலமேகம்